லிதுவினாவின் கோடைச் சளி

கோடையில் பிடிக்கிற சளிக்கு வெட்கம் கிடையாது. குளிர்காலத்துச் சளி நாலு நாள் தங்கி, மூக்கைச் சிந்தவைத்துவிட்டு மரியாதையாகக் கிளம்பிப் போய்விடும். எங்கள் பக்கம் உச்சிக் கோடையான ஜனவரியில் வருவது அப்படி இல்லை. நாற்பது டிகிரி வெயிலில் ஊரே விசிறிக்குக் கீழே கிடக்கும்போது ஒருத்தி மட்டும் போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்குவாள். நான் இருபத்தாறு வருடமாக யூத்தி ஊர்ச் சந்தையில் பச்சிலை இடித்துக் கொடுக்கிறவள். மருந்து சாப்பிட்டால் ஏழு நாள், சாப்பிடாவிட்டால் ஒரு வாரம் என்று என்னைக் கேலி செய்கிறவர்கள்தான் மூக்கு அடைத்ததும் முதல் ஆளாக என் உரலுக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள்.

நான் நாடி பிடிப்பதில்லை, நாக்கை நீட்டச் சொல்வதில்லை. எனக்கு ஒரே கேள்விதான். யாருடன் தெரெரே குடித்தாய்? குவளையில் இலைத்தூளைப் போட்டு ஐஸ் தண்ணீர் ஊற்றி உறிஞ்சுகிற பானம் அது; ஒரே கொம்புக் குவளை, ஒரே வெள்ளிக் குழல், சுற்றி எட்டு வாய். சளி இந்த ஊரில் அப்படித்தான் வீடு மாறுகிறது. கொடுத்தது யார் என்று தெரிந்தால் எந்த இலையை இடிப்பது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

லிதுவினாவிடமும் அதைத்தான் கேட்டேன். பழைய ரயில் நிலையத்துக்குப் பின்னால் குடியிருப்பவள். புருஷன் வில்ஃப்ரிதோ புவெனோஸ் ஐரெஸில் கட்டட வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனில் மட்டும் வருகிற அப்பா. இவள் ஊராருக்குத் துணி தேய்த்துக் கொடுத்து, நாலு வயது மகன் டெர்லிஸை வளர்க்கிறாள். நல்ல கணீரென்ற குரல் அவளுக்கு. வீட்டு வாசலில் நின்று மகனைக் கூப்பிட்டால் சந்தையில் எனக்குக் கேட்கும். அன்றைக்கு அவள் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது.

சந்தை இரைச்சலில் உட்கார்ந்து உட்கார்ந்து வாயசைவைப் படிக்க எனக்குப் பழகியிருந்தது. யாருடன் குடித்தாய் என்றதற்கு அவள் ஒரு விரலைக் காட்டினாள். தனியாக.

"தனியாக் குடிச்சு யாருக்குடி சளி பிடிச்சிருக்கு? வெக்கப்படாம சொல்லு, நான் வில்ஃப்ரிதோகிட்ட சொல்ல மாட்டேன்."

அவள் முறைத்தாள். அந்த முறைப்பைப் பார்த்து நான் சிரித்தேன். அம்பாய் இலையைக் கட்டிக் கொடுத்து, சர்க்கரையை நெருப்புத் துண்டு போட்டுக் கருக்கி, அதில் இலையைக் கொதிக்கவைத்துச் சூடாகக் குடிக்கச் சொன்னேன். ஒரு வாரத்துக்கு ஐஸ் கூடாது என்றதும் உயிரையே கேட்டதுபோல் அவள் முகம் போயிற்று.

நாலாம் நாள் மறுபடி வந்தாள். மூக்கு உலர்ந்திருந்தது, காய்ச்சல் இல்லை. குரல் மட்டும் வரவே இல்லை. சுகாதார நிலையத்தில் விளக்கடித்துப் பார்த்து, தொண்டை சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆனால் நான் பார்த்தது அவள் தொண்டையை அல்ல, இடுப்பை. கையகலத்துக்கு ஒரு படுக்கை விரிப்பைக் கிழித்து, ஒரு முனையைத் தன் இடுப்பிலும் மறுமுனையை டெர்லிஸின் இடுப்பிலும் கட்டியிருந்தாள். கன்றுக்குட்டியைக் கட்டுவதுபோல் பிள்ளையைக் கட்டி இழுத்து வருகிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. அவள் வாயசைத்துச் சொன்னது புரிந்ததும் கோபம் போய்விட்டது.

முந்தின நாள் மதியம், உறக்க நேரத்தில், பையன் அவள் பக்கத்தில் படுத்திருந்தான். பின்வாசல் பக்கம், கொய்யா மரங்களுக்குள்ளிருந்து ஒரு குரல் அவனைக் கூப்பிட்டது. அது அவளுடைய குரல். பையன் கண்ணைத் திறந்தான், பக்கத்தில் படுத்திருந்த அம்மாவைத் தாண்டிக்கொண்டு எழுந்து நடந்தான். இவளால் 'நில்' என்று கத்த முடியவில்லை. ஓடிப்போய் வேலிக்கு அருகில் பிடித்தாளாம். தங்கச்சி வீட்டுக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு போனாளாம். அங்கேயும் சுவருக்குப் பின்னால் வந்து கூப்பிட்டிருக்கிறது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். மதிய வெயிலில் சீட்டியடித்துக்கொண்டு அலைகிற பொன்முடிச் சின்னவன் யாசி யாத்தெரேயைப் பற்றி இங்கே எல்லாருக்கும் தெரியும். தூங்காத பிள்ளைகளைச் சீட்டியால் மயக்கிக் காட்டுக்குக் கூட்டிப்போவான்; திரும்பி வருகிற பிள்ளைக்குப் பேச்சு இருக்காது, புத்தி இருக்காது. பிள்ளைகளைப் படுக்கவைக்க அம்மாக்கள் கண்டுபிடித்த ஆள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதோடு, அவனுக்குச் சீட்டிதான் தெரியும், பேசத் தெரியாது. இருந்தாலும் மறுநாள் கடையை மூடிவிட்டு ஒரு மணிக்கு அவள் வீட்டுக்குப் போனேன்.

எங்கள் ஊரில் அந்த நேரத்துக்கு நாய்கூடக் குரைக்காது. தெருவில் நிழலே இருக்காது, எல்லாம் அவரவர் காலடிக்குள் சுருண்டுவிடும். லிதுவினா வீட்டுப் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு நாங்கள் இருவரும் கட்டிலில் உட்கார்ந்தோம். நடுவில் பையன் தூங்கினான். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது வயிற்றால் பேசும் வித்தை காட்டுகிறாளோ என்று ஒரு சந்தேகம்.

"டெர்லிஸ்."

அவள் உதடு மூடியே இருந்தது. கொய்யா மரத்தடியில் தரை வெயிலில் வெளுத்துக் கிடந்தது, யாரும் இல்லை.

"டெர்லிஸ், எந்திரிச்சு வாடா ராசா. சிப்பா ரொட்டி சூடா இருக்கு, வா."

லிதுவினாவின் குரல்தான். அந்த 'ராசா'வில் அவள் வைக்கிற இழுப்புகூட அப்படியே இருந்தது. ஆனால் மூக்கடைத்தவள் பேசுவதுபோல் கொஞ்சம் கனத்திருந்தது. லிதுவினா கண்ணீர் வழிய என் கையைப் பிடித்து, தன் தொண்டையில் வைத்துக் காட்டினாள். அங்கே ஒரு அதிர்வும் இல்லை. வெளியே அவள் குரல் அடுத்த வார்த்தையைத் தேடுவதுபோல் சற்று நின்றது.

"அப்பா போன்ல இருக்காரு, வா."

பையன் எழுந்தான். தூக்கம் கலையாமலே சிரித்தான். நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டேன்; நாலு வயதுக் கால், ஆனால் பன்றியை இழுத்துப் பிடிப்பதுபோல் இருந்தது. குரல் ஓய்கிறவரை விடவில்லை.

அப்போதுதான் நான் ஒரு யோசனை சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். வெளியே இருப்பதை விரட்டுவது பிறகு, முதலில் பையன் அதற்குப் போகக் கூடாது. மறுநாள் குரல் வந்தபோது பையனை உட்காரவைத்து, அவன் விரலை எடுத்து அம்மாவின் மூடிய உதட்டில் வைத்தேன்.

"பாரு. அம்மா வாய் மூடியிருக்கு. அங்க கூப்பிடுறது அம்மா இல்ல. அம்மா குரல் கேட்டா காதைப் பொத்திக்கணும். புரியுதா? அம்மா கூப்பிடணும்னா தட்டத் தட்டுவா."

லிதுவினா தகரத் தட்டில் கரண்டியால் மூன்று முறை தட்டினாள். டெர்லிஸ் அவள் வாயைப் பார்த்தான், கொய்யா மரத்தைப் பார்த்தான், மறுபடி வாயைப் பார்த்தான். பிறகு அழுதான் பாருங்கள், அந்த அழுகையை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. ஆனால் கற்றுக்கொண்டான். மூன்று நாளில் குரல் கேட்டதும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அம்மா மடியில் முகத்தைப் புதைக்கப் பழகிவிட்டான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என் பழைய கேள்விக்குத் திரும்பினேன். சளி பிடித்த அன்று என்ன செய்தாய், ஒன்றுவிடாமல் சொல் என்றேன். காற்றுக் குரலில் சொன்னாள். காலையிலிருந்து துணி தேய்த்து உடம்பு கொதித்துக் கிடந்தது. மதியம் எல்லாரும் தூங்கும்போது பின்வாசல் படியில் உட்கார்ந்து தெரெரே கலக்கினாள். முதல் ஊற்று எப்போதும்போல் புனித தோமையாருக்கு. அதை நாம் குடிப்பதில்லை, தூள் ஊறட்டும் என்று வைத்துவிடுவோம். குவளையைப் படியில் வைத்துவிட்டு, பையன் புரண்டு விழுந்துவிடுவானோ என்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். குவளை காலியாக இருந்தது. தூள் குடித்துவிட்டது என்று நினைத்து, அடுத்ததை ஊற்றிக் குடித்தாள்.

"குழல் எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சு?"

அவள் யோசித்தாள். யோசித்து முடித்ததும் விரலை எதிர்ப்பக்கமாகத் திருப்பிக் காட்டினாள். வீட்டைப் பார்த்து வைத்த குழல், தோட்டத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

ஆக, அவள் தனியாகக் குடிக்கவில்லை. கூடக் குடித்தவன் நான் நம்பாத அந்த யாசி யாத்தெரே. வெறுந்தலையோடு வெயிலில் அலைகிறவனுக்குச் சளி பிடிக்காமல் என்ன செய்யும்? தன் சளியைக் குழலில் வைத்துவிட்டு, அவள் குரலை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். சீட்டியைவிட அம்மாவின் குரல் பிள்ளைகளை நன்றாக இழுக்கும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் ஒன்றும் எனக்குப் புரிந்தது. எங்கள் ஊரில் குவளையைத் திருப்பிக் கொடுக்கும்போது நன்றி சொன்னால் தனக்குப் போதும் என்று பொருள். சொல்லாதவரை அவன் சுற்றில்தான் இருக்கிறான், அடுத்த முறையும் அவனுக்கு ஊற்றியாக வேண்டும். அவன் சொல்லவில்லை. லிதுவினா சுற்றைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டாள். அந்தச் சுற்று இன்னும் முடியவில்லை.

"முடிச்சுவைப்போம். அவன் சளியை வந்த வழியாவே திருப்பிக் குடுப்போம்," என்றேன். "அவன் வாயால நன்றி சொல்லணும். அதைச் சொல்ல அவனுக்கு உன் குரல்தான் இருக்கு. சொல்லிட்டா குரலை இங்கயே விட்டுட்டு எழுந்து போயாகணும்."

என்னிடம் இருந்ததிலேயே கசப்பான இலைகளை எடுத்து இடித்தேன். பெரிய ஆண்பிள்ளைகள்கூட இரண்டாம் குவளைக்குக் கும்பிடு போடுகிற கசப்பு அது. இரண்டே சுற்றில் ஓடிவிடுவான் என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் மதியம் லிதுவினா படியில் உட்கார்ந்தாள், முதுகைத் தோட்டத்துக்குக் காட்டி. அவனைப் பார்க்கக் கூடாது என்று நான்தான் சொன்னேன். நான் உள்ளே கட்டிலில் பையனின் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவள் தோமையாருக்கு ஊற்றி ஊறவிட்டாள். பிறகு ஊற்றித் தான் குடித்து, கசப்பில் முகம் கோணி, மறுபடி நிரப்பிப் பின்பக்கமாகப் படியில் வைத்தாள். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு குழலில் கடைசிச் சொட்டு உறிஞ்சப்படும் சத்தம் கேட்டது. தெரெரே குடிக்கிற எல்லா வீட்டிலும் நாளைக்கு நூறு தடவை கேட்கிற சத்தம்தான். நான் பையனின் காலை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

அவள் கையைப் பின்னால் நீட்டிக் குவளையை எடுத்தாள். ஊற்றினாள், குடித்தாள், ஊற்றினாள், வைத்தாள். மறுபடி அந்தச் சத்தம். மூன்று, நான்கு, ஐந்து. அவனுக்குக் கசப்பு பிடித்திருந்தது. என் புத்தியை என்ன சொல்ல? காட்டில் இலையையும் வேரையும் தின்று வளர்ந்தவனைக் கசப்பால் விரட்டப் பார்த்திருக்கிறேன். ஜாடியில் ஐஸ் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. ஜாடி காலியானால் சுற்று மறுபடி பாதியில் நிற்கும். எழுந்து போய்த் தண்ணீர் எடுத்துவரலாம் என்றால் பையனை விட மனம் வரவில்லை.

எட்டாவது குவளைக்குப் பிறகு படியிலிருந்தே, அவள் தோளுக்குப் பின்னாலிருந்து, அந்தக் குரல் வந்தது.

"டெர்லிஸ். அப்பா வந்திருக்காருடா. வா, ராசா."

போன் இல்லை இப்போது. அப்பா வந்திருக்கிறார். அந்த வாக்கியத்தை லிதுவினா ஒருநாளும் சொன்னதில்லை, சொல்ல அவளுக்கு வாய்த்ததும் இல்லை. அது தானாகச் சேர்த்துப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டது. லிதுவினாவின் முதுகு குலுங்கியது. ஆனாலும் சிந்தாமல் ஊற்றினாள். பையன் கண்ணைத் திறந்தான். நான் என் முழு பலத்தோடு அவன் காலைப் பிடித்தேன். தேவைப்படவில்லை. அவன் இரண்டு கைகளையும் தூக்கிக் காதைப் பொத்திக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

ஜாடியின் கடைசித் தண்ணீர் குவளையில் விழுந்தது. உறிஞ்சும் சத்தம் இந்த முறை மெதுவாக, மனமில்லாமல் கேட்டது. குவளை கல்லில் உரசியது.

"போதும்," என்றது லிதுவினாவின் குரல், சலிப்போடு. "நன்றி."

அதற்குப் பிறகு கொய்யா மரங்களுக்குள் ஒரு தும்மல் கேட்டது. சின்னத் தும்மல், ஐந்து வயதுப் பிள்ளையுடையது மாதிரி. பிறகு வேலிக்கு அப்பால் இன்னொன்று. லிதுவினா இருமினாள். நெஞ்சே வெளியே வந்துவிடும்போல் இருமிவிட்டு, "அக்கா," என்றாள். சத்தத்தோடு சொன்னாள். நான் அழுதேன், சொல்ல எனக்கு வெட்கமில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

அவள் உள்ளே ஓடிவந்து, "டெர்லிஸ், என் ராசா," என்று கூப்பிட்டாள்.

பையன் கட்டிலுக்கு அடியில் இருந்தான். காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. அவள் குனிந்து பேசப் பேச அவன் இன்னும் உள்ளே நகர்ந்தான். நான் தட்டை எடுத்து மூன்று முறை தட்டினேன். உடனே வெளியே வந்தான். அம்மா மடியில் ஏறிக்கொண்டு, அவள் வாயின் மேல் கையை வைத்து அழுத்தினான்.

ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றேன். பிறகு ஒரு மாதம் என்றேன். வில்ஃப்ரிதோ ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால், வாயில்லாத குரல் பேசுகிறது என்று பையன் போனைத் தூக்கி எறிந்தான். தாலாட்டுப் பாடினால் அலறினான். ஏப்ரலில் ஒருநாள் மாட்டுவண்டி வருகிற பாதையில் அவன் நிற்க, அவள் பின்னாலிருந்து உயிர்போகக் கத்தினாள்; அவன் காதைப் பொத்திக்கொண்டு வண்டியை நோக்கி ஓடினான். வண்டிக்காரன் மாட்டை இழுத்துப் பிடித்ததால் பிழைத்தான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. பூதத்தைக் கிளப்பியவள் நான். வேறு யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வழியில்லை.

அந்த வண்டி விஷயத்துக்கு மறுநாள் காலையில் லிதுவினா கடைக்கு வந்தாள். பையன் நாலு கடை தள்ளி, தர்ப்பூசணிக்காரி அருகில் நின்றான். அவள் என் உரலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அவனுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, என் குரலை மறுபடி வராமக் கட்டுறதுக்கு ஏதாச்சும் இலை இருக்கா?"

இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு இருக்கின்றன, எந்த ஓடைக்கரையில் முளைக்கும் என்பதும் எனக்குத் தெரியும். தொண்டையைக் குணப்படுத்தத்தானே இத்தனை வருடம் உட்கார்ந்திருக்கிறேன் என்று கத்தத் தோன்றியது. இல்லை என்று மட்டும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கெஞ்சவில்லை.

"சரி, வேணாம். இலை இல்லாமலே இருந்துக்கிறேன்," என்றாள்.

அவளிடமிருந்து நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு எழுந்தாள், பையனிடம் போய்க் கையை நீட்டினாள். அவன் அவள் வாயை ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு சிரித்தபடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.